உயிரைக் காத்தபின் எலும்பைக் காத்தல்

பெங்களூரிலிருந்து ஓசூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி, ஆனேக்கல் வட்டத்தில் அமைந்துள்ளது ஹெப்பகோடி. ஒரு காலத்தில் ராகி வயல்களும் ஏரியும் சூழ்ந்த சிற்றூராக இருந்த இவ்விடம் இன்று நகரசபை அந்தஸ்து பெற்ற தொழில் நகரம். ஒருபுறம் மின்னணு நகரும் மறுபுறம் பொம்மசந்திரா தொழிற்பேட்டையும் இதனை நெருங்கி நிற்கின்றன. பயோகான் என்னும் உயிர்த்தொழில்நுட்ப நிறுவனத்தின் வளாகம் இங்கேதான் உள்ளது. 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் தொடங்கப்பெற்ற மெட்ரோ இரயிலின் மஞ்சள் தடம் இவ்வூர் வழியாகவே செல்கிறது. கர்நாடகத்தின் வட மாவட்டங்களிலிருந்தும், அண்டையிலுள்ள கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களிலிருந்தும், தொலைவிலுள்ள பல மாநிலங்களிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தோர் இங்கு வாடகை வீடுகளில் வாழ்ந்து ஆலைகளில் உழைக்கின்றனர்.

உழைப்பாளர் மிகுந்த எந்த ஊரிலும் போலவே, எச்.ஐ.வி. கிருமியை உடலிற்கொண்டு, அதற்குரிய மருந்தை நாள்தோறும் உட்கொண்டு, பிறரைப் போலவே வேலைக்குச் சென்று வருவோர் இவ்வட்டாரத்திலும் இருப்பர் என்பதில் ஐயமில்லை. இந்தியாவில் எச்.ஐ.வி. உள்ளோர் சுமார் 25 இலட்சம் பேர் என 2023-ஆம் ஆண்டுக்குரிய தேசிய மதிப்பீடு கூறுகிறது. இத்தகையோர் மிகுதியாக வாழும் மாநிலங்களுள் கர்நாடகமும் ஒன்று.

இவர்களைப் பற்றி முன்னர் எழுந்த கேள்வி ஒன்றே ஒன்று: எத்தனை நாள் உயிர்வாழ்வர் என்பதே அது. அக்கேள்விக்கு மருத்துவ விஞ்ஞானம் ஒருவாறு விடை கண்டுவிட்டது. இப்பொழுது எழும் கேள்வி வேறு. நீண்டகாலம் வாழப்போகும் இவர்களுடைய உடலைத் தாங்கும் எலும்பு, அவ்வளவு காலமும் உறுதியாக நிற்குமா? இக்கேள்வியை உரிய இடத்தில், உரிய காலத்தில் கேட்பது எளிது. அதற்காகும் செலவும் சிறிது. கேளாமல் விடுவதால் விளையும் கேடோ பெரிது.

மாறிய நிலைமை

1986-ஆம் ஆண்டில் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவியான டாக்டர் நிர்மலாவும் சேகரித்த இரத்த மாதிரிகள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டபோதுதான் இந்நாட்டில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலில் தெரியவந்தது. அடுத்த பதினெட்டு ஆண்டுகள் பெருந்துயரம் நிறைந்தவை. மருந்து இருந்தும் அதை வாங்க வசதியில்லாமையால் மாண்டோர் பலர். 2004-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியன்று, தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு தேர்ந்தெடுத்த சில அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்துச் சிகிச்சையை இலவசமாக வழங்கத் தொடங்கியது. தாம்பரம் அரசு மருத்துவமனையும் பெங்களூரின் பௌரிங் மருத்துவமனையும் அவற்றுள் அடங்கும். மக்கள் ஏ.ஆர்.டி. மையம் என்று அழைக்கும் இம்மருந்து நிலையங்கள் பின்னர் நாடெங்கும் பரவின. 2017-ஆம் ஆண்டு முதல், நோயின் நிலை எதுவாயினும், கிருமி கண்டறியப்பட்ட யாவர்க்கும் மருந்து என்பது கொள்கையாயிற்று.

இதன் பயன் கண்கூடு. இருபத்தைந்து வயதில் மருந்து தொடங்கியவர் ஐம்பதை எட்டுகிறார். தாயின் வயிற்றிலேயே கிருமியைப் பெற்ற குழந்தை பள்ளி முடித்து வேலைக்குச் செல்கிறது. ஆனால் ஆயுள் நீளும்பொழுது, முதுமைக்கே உரியவை எனக் கருதப்பட்ட சில குறைபாடுகள் இவர்களை முன்கூட்டியே வந்தடைகின்றன. எலும்பின் தளர்ச்சி அவற்றுள் ஒன்று.

எலும்பின் இயல்பு

எலும்பு என்றவுடன் காய்ந்த கட்டையைப் போன்ற ஒரு பொருளே பலர் நினைவுக்கு வரும். உண்மையில் அது இடையறாது இடிக்கப்பட்டும் கட்டப்பட்டும் வரும் ஓர் உயிருள்ள திசு. பழைய எலும்பை அரித்து எடுக்கும் உயிரணுக்கள் ஒருவகை. அவ்விடத்தில் புதிய எலும்பைப் படைக்கும் உயிரணுக்கள் மற்றொருவகை. இவ்விரண்டின் வேலையும் ஒத்து நடக்கும்வரை எலும்பு குன்றுவதில்லை. அரிப்பு மிஞ்சினால் எலும்பின் அடர்த்தி குறைந்து, உட்புறம் கடற்பஞ்சு போலத் துளை மிகும். பொதுமக்கள் இதனை எலும்புத் தேய்மானம் என்பர். மருத்துவர் எலும்புப்புரை என்பர். இவ்வாறு மெலிந்த எலும்பு, நின்ற நிலையில் கீழே விழுவது போன்ற சிறு விபத்திலேயே முறிந்துவிடக்கூடும்.

மனிதனுடைய எலும்பு தன் முழுத் திண்மையை அடைவது ஏறக்குறைய முப்பது வயதுக்குள் ஆகும். அதன்பின் சேமிப்பு இல்லை; செலவே உண்டு. ஆகவே இளமையில் சேமிப்புக் குறைந்தவர் முதுமையில் விரைவில் வறியவராவர். பிறவியிலேயே எச்.ஐ.வி. பெற்று வளரும் சிறுவர் சிறுமியர் இக்காரணத்தால் தனிக் கவனத்துக்குரியவர்.

கிருமியும் மருந்தும்

எச்.ஐ.வி. உள்ளோரின் எலும்பை இருமுனையில் நெருக்கடி தாக்குகிறது. முதலாவது, கிருமியே. அது உடலின் பாதுகாப்புப் படையான வெள்ளணுக்களை ஓயாத கொந்தளிப்பில் வைத்திருக்கிறது. அந்நிலையில் வெளிப்படும் அழற்சிப் பொருள்களும், ராங்க்-எல் எனப்படும் புரதமும், எலும்பை அரிக்கும் உயிரணுக்களைத் தூண்டிவிடுகின்றன.

இரண்டாவது, மருந்து. சிகிச்சை தொடங்கிய முதல் ஓரிரண்டு ஆண்டுகளில் எலும்பின் அடர்த்தி 2 முதல் 6 சதவிகிதம் வரை குறைவது பல நாடுகளில் காணப்பட்டுள்ளது. பின்னர் அக்குறைவு பெரும்பாலும் நிலைகொண்டுவிடுகிறது. எந்த மருந்துக் கூட்டைத் தொடங்கினாலும் ஓரளவு இழப்பு உண்டு. ஆயினும் டெனோஃபோவிர் டைசோப்ராக்சில் என்னும் மருந்தில் அது சற்று மிகுதி. இம்மருந்து சிலருடைய சிறுநீரகத்தின் நுண்குழாய்களைப் பாதித்து, எலும்புக்கு வேண்டிய பாஸ்பேட் உப்பைச் சிறுநீருடன் வெளியேறச் செய்கிறது. முன்னர் பலகாலம் வழங்கப்பட்ட எஃபாவிரென்ஸ் என்னும் மருந்தோ, உடலிலுள்ள வைட்டமின் டி சத்தை விரைவில் சிதைக்கும் இயல்புடையது. இன்று இந்தியத் திட்டத்தில் பெரும்பாலோர் உட்கொள்வது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் ஆகிய மூன்றும் அடங்கிய ஒற்றை மாத்திரை. எஃபாவிரென்சின் இடத்தை டோலுடெக்ராவிர் பெற்றுவிட்டது. டெனோஃபோவிர் நிலைத்து நிற்கிறது.

ஆராய்ச்சிகள் காட்டும் அளவு கவனிக்கத்தக்கது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2006-ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு கணிப்பில், எச்.ஐ.வி. உள்ளோருள் 67 சதவிகிதத்தினருக்கு எலும்பின் அடர்த்தி குறைந்திருந்தது. 15 சதவிகிதத்தினருக்கு அது எலும்புப்புரை என்னும் அளவை எட்டியிருந்தது. 2008-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து மருத்துவமனைகளின் பதிவேடுகளை ஆராய்ந்தவர்கள், நூறு பேரில் எலும்பு முறிவு கண்டோர் எச்.ஐ.வி. உள்ளவரிடையே 2.87 என்றும், இல்லாதவரிடையே 1.77 என்றும் கண்டனர். இந்நாட்டிலும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள் எச்.ஐ.வி. உள்ள ஆடவரை ஆராய்ந்து 2010-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். மருந்து உட்கொண்டோர், உட்கொள்ளாதோர் ஆகிய இருசாராரிடமும் வைட்டமின் டி குறைபாட்டை அவர்கள் கண்டனர். கிருமியை முதலில் உறுதிசெய்த அதே நிறுவனத்திலிருந்து, அக்கிருமியுடன் வாழ்வோரின் எலும்பைப் பற்றிய எச்சரிக்கையும் வந்தது பொருத்தமே.

மருந்தை நிறுத்தலாகாது

இவற்றைக் கேட்கும் ஒருவர், அப்படியாயின் மருந்தை நிறுத்திவிடலாமே என்று எண்ணக்கூடும். அது கொடிய பிழை. பல நாடுகளில் நடந்த ஸ்மார்ட் என்னும் பெரிய ஆராய்ச்சியில், இடையிடையே மருந்தை நிறுத்தியோருக்கு எலும்பு இழப்புச் சற்றுக் குறைவாக இருந்தது உண்மையே. ஆனால் அவர்களிடையே நோயும் மரணமும் மிகுந்தன; ஆதலின் அம்முறை 2006-ஆம் ஆண்டிலேயே கைவிடப்பட்டது. 2015-ஆம் ஆண்டில் முடிவு வெளியான ஸ்டார்ட் ஆராய்ச்சியும், மருந்தை உடனே தொடங்குவதே உயிர்க்கு உகந்தது என நிலைநாட்டியது. கல்லீரல் அழற்சி பி கிருமியும் உடன் உள்ளவர் டெனோஃபோவிரைத் தாமாக நிறுத்தினால், அடங்கியிருந்த அந்நோய் சீறி எழும் அபாயமும் உண்டு. எலும்பின் பெயரால் உயிரைப் பணயம் வைத்தல் அறிவுடைமை அன்று.

மருந்தும் வேண்டும், எலும்பும் வேண்டும். இரண்டையும் ஒருங்கே காக்கும் வழி உண்டா? உண்டு என்பதற்குச் சான்று இருக்கிறது. டெனோஃபோவிர் அடங்கிய கூட்டு மருந்தைப் புதிதாகத் தொடங்கிய 165 பேரிடம் நடந்து 2015-ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆராய்ச்சி ஒன்றில், ஒருசாரார்க்கு வைட்டமின் டி 4,000 அலகும் சுண்ணாம்புச் சத்து 1,000 மில்லிகிராமும் நாள்தோறும் அளிக்கப்பட்டன. 48 வாரங்களுக்குப்பின், அவர்களுடைய இடுப்பெலும்பின் இழப்பு மற்றவருடையதில் ஏறத்தாழப் பாதியாகவே இருந்தது. இவை விலையுயர்ந்த மருந்துகள் அல்ல. எந்த மருந்துக்கடையிலும் கிடைப்பவையே.

ஆனால் இங்கேதான் ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் இரும்புச் சத்து மாத்திரையும் டோலுடெக்ராவிரைப் பற்றிக்கொண்டு, அது குடலிலிருந்து இரத்தத்தில் சேர்வதைத் தடுக்கவல்லவை. வெறும் வயிற்றில் இவற்றைச் சேர்த்து விழுங்குபவர், எலும்பைக் காக்கும் ஆர்வத்தில் கிருமிக்கு இடங்கொடுத்தவர் ஆவார். உணவுடன் உட்கொள்வதாயின் இரண்டையும் ஒருங்கே உட்கொள்ளலாம். இல்லையேல், சுண்ணாம்புச் சத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவோ ஆறு மணி நேரம் பின்னதாகவோ டோலுடெக்ராவிரை உட்கொள்ள வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தை மருந்து வழங்குமிடத்தில் சொல்லாமல் விட்டால் எத்தகைய தீங்கு நேரக்கூடும் என்பதை எண்ணிப் பார்த்தல் தகும்.

தொழில் நகரின் வாழ்க்கை

வெயில் காயும் நாட்டில் வைட்டமின் டி குறைபாடு எப்படி வரும் எனச் சிலர் வியப்பர். வைட்டமின் டி தோலில் உண்டாவதற்கு நண்பகலை ஒட்டிய வெயில் உடம்பில் நேரே படவேண்டும். ஆலைக்குள் பகல் முழுதும் நிற்பவர்க்கும், இரவு முறையில் உழைத்துப் பகலில் உறங்குபவர்க்கும் அவ்வெயில் கிட்டுவதில்லை. கருமை மிகுந்த தோலில் அச்சத்து மெதுவாகவே விளைகிறது என்பதும் நினைவிற்கொள்ளத் தக்கது. ஹெப்பகோடி போன்ற ஊர்களில் வாழ்க்கைமுறையே எலும்புக்கு எதிராக அமைந்துவிடுகிறது.

உணவிலோ, இம்மண்ணுக்கு ஒரு பெரும் பேறு உண்டு. கேழ்வரகு எனத் தமிழரும் ராகி எனக் கன்னடரும் வழங்கும் தானியத்தில், 100 கிராமுக்கு ஏறக்குறைய 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அரிசியிலும் கோதுமையிலும் உள்ளதைக் காட்டிலும் இது பன்மடங்கு. வளர்ந்தவர் ஒருவர்க்கு நாளொன்றுக்கு வேண்டிய அளவு 1,000 மில்லிகிராம் என இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ஆம் ஆண்டில் வகுத்துள்ளது. ஆகவே ஒருவேளைக் களியோ கூழோ, அதனுடன் தயிரோ மோரோ, கீரையோ சேருமாயின் தேவையில் பெரும்பகுதி நிறைவுறும். தானியத்தை ஊறவைத்து முளைகட்டி அரைத்தால் அதிலுள்ள சத்து உடலிற் சேர்வது எளிதாகும். ஆயின் ஊரை விட்டு வந்து அறையிற் கூடி வாழும் தொழிலாளர் பலர், சோற்றையும் கடைப் பண்டங்களையுமே நம்பி வாழ்கின்றனர். ராகி விளைந்த மண்ணில் நின்றுகொண்டே ராகியை மறப்பது வருந்தத்தக்கது.

புகையிலை, மது, உடல் மெலிவு ஆகிய மூன்றும் எலும்பைக் குறைப்பவை. பெண்களைப் பொறுத்தவரை மற்றொன்றும் உண்டு. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை போடப்படும் கருத்தடை ஊசி எலும்பின் அடர்த்தியைத் தானே சிறிது குறைக்கும். டெனோஃபோவிர் உட்கொள்ளும் பெண்களிடம் இவ்விழப்புக் கூடுவதை உகாண்டா நாட்டில் நடந்த ஆராய்ச்சி காட்டியுள்ளது. இதனால் அவ்வூசி ஆகாது என்பதன்று. ஊசி போடுபவரும் எச்.ஐ.வி. மருந்து கொடுப்பவரும் ஒருவர் செய்வதை மற்றவர் அறிந்திருத்தல் வேண்டும் என்பதே கருத்து.

இரு மருத்துவர்க்கிடையே ஒரு மௌனம்

இங்கு பிரச்சினையின் உயிர்நிலை தோன்றுகிறது. எடுத்துக்காட்டாக, ஆலையில் பணிபுரியும் நாற்பத்தெட்டு வயது ஆடவர் ஒருவர் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொள்கிறார் எனக் கொள்ளலாம். அருகிலுள்ள மருத்துவமனையில் எலும்பு மருத்துவர் மாவுக்கட்டுப் போடுகிறார். வேறு மருந்து ஏதேனும் உட்கொள்வதுண்டா என்று கேட்டால், இல்லை என்கிறார் நோயாளி. செய்தி வெளிப்பட்டால் வேலை போகும், வீட்டுக்காரர் வெளியேற்றுவார் என்ற அச்சம் அவரை அவ்வாறு சொல்லவைக்கிறது. அடுத்த மாதம் மருந்து வாங்க ஏ.ஆர்.டி. மையத்துக்குச் செல்கிறார். கட்டு அவிழ்க்கப்பட்டுவிட்டது. அங்கே எடை பார்க்கப்படுகிறது, இருமல் உண்டா எனக் கேட்கப்படுகிறது, மாத்திரை எண்ணப்படுகிறது. எலும்பு முறிந்ததா என்று எவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

எலும்பு மருத்துவர் எச்.ஐ.வி.யை அறியார், எச்.ஐ.வி. மருத்துவர் எலும்பு முறிவை அறியார். இருவரும் தம் கடமையைச் செவ்வனே செய்தும், இருவர்க்கிடையே நோயாளியின் எலும்பு கவனிப்பாரற்றுப் போகிறது. முதல் முறிவு என்பது அடுத்த முறிவுக்கு முன்னறிவிப்பு, அம்முன்னறிவிப்பு வீணாகிறது. அடுத்து முறிவது முதுகெலும்பாகவோ இடுப்பெலும்பாகவோ இருப்பின், கூலியால் வாழும் குடும்பம் நிலைகுலைந்துவிடும்.

2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2018-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. வேலையிலும் மருத்துவத்திலும் வீட்டு வாடகையிலும் வேற்றுமை பாராட்டுவதை அது தடைசெய்கிறது. நோயாளியின் இசைவின்றி அவர் நிலையை வெளியிடலாகாது என்கிறது. சட்டம் அரண் ஆகும். ஆயினும் அச்சம் சட்டத்தால் மட்டும் அகன்றுவிடாது. ஆகவே, நோயாளி எவரிடம் எதையும் மறைக்க வேண்டியதில்லையோ, அவ்விடத்திலேயே எலும்பைப் பற்றிய கேள்வியும் கேட்கப்படுதல் முறை. அவ்விடம் ஏ.ஆர்.டி. மையமே.

செய்யத்தக்கவை

இதற்குப் பெரும் பொறிகள் வேண்டுவதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை கேட்கத்தக்க கேள்விகள் நான்கு. சென்ற ஆண்டில் எலும்பு ஏதேனும் முறிந்ததா? தாய் தந்தையருள் எவர்க்கேனும் இடுப்பெலும்பு முறிந்ததுண்டா? ஸ்டீராய்டு மருந்து மாதக்கணக்கில் உட்கொண்டதுண்டா? அடிக்கடி கால் இடறி விழுவதுண்டா? இவற்றுடன், எடை பார்க்குமிடத்திலேயே உயரத்தையும் அளந்து பதிவு செய்யலாம். இளமையில் இருந்த உயரத்தினின்று 4 சென்டிமீட்டர் குறைந்திருப்பின், முதுகெலும்பு ஓசையின்றி நொறுங்கியிருக்கக்கூடும். சிறுநீரக நிலையை அறிய டெனோஃபோவிர் உட்கொள்வோர்க்குத் திட்டத்திலேயே கிரியாட்டினின் சோதனை நடைபெறுகிறது. அம்முடிவை எலும்பையும் மனத்திற்கொண்டு நோக்குதல் கூடுதல் செலவின்றி இயலும்.

டெக்சா ஸ்கேன் எனப்படும் அடர்த்திச் சோதனை அனைவர்க்கும் தேவையில்லை. பல நாட்டு வல்லுநர்கள் 2015-ஆம் ஆண்டில் வெளியிட்ட பரிந்துரையின்படி, 50 வயது கடந்த ஆடவர், மாதவிடாய் நின்ற பெண்டிர், சிறு விபத்தில் எலும்பு முறிந்தவர், ஸ்டீராய்டு நெடுங்காலம் உட்கொள்பவர் ஆகியோர்க்கே அது முதன்மையாக வேண்டுவது. நாற்பது முதல் ஐம்பது வயதுக்குட்பட்டோர்க்கு, ஃபிராக்ஸ் என்னும் கணக்கீட்டு முறையால் அபாயத்தை மதிப்பிட்டாலே போதும். பெங்களூர் போன்ற மாநகரில் டெக்சா கருவி இல்லாமல் இல்லை. அரசு மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரிகளிலும் உள்ள கருவிகளுக்கு ஏ.ஆர்.டி. மையத்திலிருந்து இரகசியம் காத்து அனுப்பும் ஓர் ஏற்பாடே வேண்டுவது.

குறை கண்டவிடத்து மருத்துவர் எடுக்கக்கூடிய நடவடிக்கைகள் பல. உணவு, உடற்பயிற்சி, வெயில், வைட்டமின் டி ஆகியவை முதற்படி. சிறுநீரகமோ எலும்போ தெளிவாகப் பாதிக்கப்பட்டிருப்பின், டெனோஃபோவிருக்கு மாற்றாக அபகாவிர் போன்ற மருந்தை ஆராய்ந்து தேர்வது அடுத்தது. சோலெட்ரானிக் அமிலம் என்னும் ஊசிமருந்தும் எலும்பின் அரிப்பைத் தடுப்பதில் எச்.ஐ.வி. உள்ளோரிடம் நற்பயன் அளித்துள்ளது. முதுகுவலி யாவும் எலும்புத் தேய்மானமே என்று முடிவு கட்டுதலும் தவறு. இந்நாட்டில் எச்.ஐ.வி. உள்ளவர்க்கு நீடித்த முதுகுவலி இருப்பின், முதுகெலும்புக் காசநோயை முதலில் ஐயுற வேண்டும். இடுப்பு மூட்டில் தொடர்ந்து வலி இருப்பின், இரத்த ஓட்டம் குன்றி எலும்பு மடியும் நிலையையும் நினைவிற்கொள்ளுதல் நலம்.

இவ்விடத்தில் மீண்டும் ஹெப்பகோடி நினைவுக்கு வருகிறது. முன்னர்க் கூறிய ராங்க்-எல் புரதத்தை முடக்கி எலும்பு அரிப்பைத் தடுக்கும் டெனோசுமாப் என்னும் உயிரியல் மருந்து உலகில் வழக்கிலுள்ளது. பயோகானின் துணை நிறுவனமான பயோகான் பயாலஜிக்ஸ் ஆக்கிய அதன் இணைமருந்துகள் 2025-ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியத்திலும் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றன. இது இந்நாட்டு விஞ்ஞானத்துக்குப் பெருமை தருவதே. ஆயினும் இத்தகைய மருந்து நோயின் கடைசிப் படியில் உதவுவது. தொடங்கியபின் காலந்தவறி நிறுத்தினால் இழந்த எலும்பு விரைந்து மேலும் இழக்கப்பட்டு முதுகெலும்பு முறிவுகள் நேரக்கூடும். முதற்படியில் ஒரு கேள்வியும் உயர அளவுகோலும் செய்யக்கூடியதை, கடைசிப்படியில் அரிய மருந்து கொண்டு செய்யும் நிலைக்கு நோயாளியைத் தள்ளுதல் திட்டமிடுதலுக்கு இழுக்காகும்.

ஆட்சேபங்கள்

இதற்கு எதிராகக் கூறப்படுபவை இரண்டு. ஏ.ஆர்.டி. மையங்களில் கூட்டம் மிகுதி. மருத்துவர்க்கும் ஆலோசகர்க்கும் நேரமில்லை என்பது ஒன்று. இதில் உண்மை உண்டு. ஆயினும் நான்கு கேள்விகளை ஆண்டுக்கொரு முறை கேட்க ஆகும் நேரம் சில நிமிடங்களே. அதனை மருத்துவரே கேட்க வேண்டும் என்பதும் இல்லை. செவிலியரோ, தாமும் எச்.ஐ.வி.யுடன் வாழ்ந்து பிறர்க்கு வழிகாட்டும் ஊழியரோ கேட்கலாம். நிலையாக உள்ள நோயாளிகளுக்குச் சில மாதங்களுக்குரிய மருந்தை ஒருசேர வழங்கும் முறையால் மிச்சமாகும் நேரத்தில் ஒரு பகுதியை இதற்குச் செலவிடலாம்.

காசநோய், கிருமியின் எதிர்ப்பாற்றல், புதிய தொற்றுகளைத் தடுத்தல் ஆகியவை முந்தியவை; எலும்பு பிந்தியது என்பது மற்றொன்று. முதன்மை வரிசையில் எலும்பு முந்தியது என எவரும் வாதிடவில்லை. ஆனால் நீரிழிவும் இரத்த அழுத்தமும் நெடுநாள் சிகிச்சையில் கவனம் பெறுவது போல, எலும்பும் தனக்குரிய சிறிய இடத்தைப் பெறுதல் நியாயமே. இவ்வாறு ஏற்கெனவே செய்யப்படும் மையங்களில் அது தொடரட்டும். செய்யப்படாத மையங்களில் தொடங்கட்டும்.

எச்.ஐ.வி. உள்ளோர்க்கு மருந்து அளித்து உயிர் காத்தது இந்நாட்டின் பொதுச் சுகாதார வரலாற்றில் போற்றத்தக்க ஒரு செயல். அவ்வாறு காத்த உயிர் நிமிர்ந்து நடந்து, உழைத்து, பிறர் கையை எதிர்பாராமல் முதுமையை அடையும்போதே அச்செயல் முழுமை பெறும். ஓசூர் நெடுஞ்சாலையோரத்தில் இரவுப் பணி முடிந்து திரும்பும் தொழிலாளி தம் மாத்திரையைத் தவறாமல் விழுங்குகிறார். தம் பங்கை அவர் செய்துவிட்டார். அடுத்த முறை மருந்து வாங்க வரும்போது, எலும்பு எப்படி இருக்கிறது என்று அவரைக் கேட்பது மருந்து வழங்குவோரின் பங்காகும்.